கம்பெனி வைஃபையைச் சான்றிதழ் முறைக்கு மாற்றலாமா?

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஐ.டி. பொறுப்பு என்னுடையது. 70 லேப்டாப், ஸ்டோர்ஸில் 30 ஆண்ட்ராய்டு ஸ்கேனர். ஆந்திரப் பக்கம் தடாவில் குடோன் இருக்கிறது. விபிஎன் மூலம் இணைத்திருக்கிறோம். வைஃபைக்கு எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. ஆட்கள் ஸ்ரீசிட்டி பக்கம் வேலை மாறிப் போகும்போது பாஸ்வேர்டும் கூடவே போய்விடுகிறது. மேக் அட்ரஸ் (கருவியின் வன்பொருள் எண்) பட்டியல் போட்டுப் பார்த்தோம், தேறவில்லை. ஆளுக்கொரு யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்துப் பார்த்தால் புது விண்டோஸ் 11 லேப்டாப்கள் திரும்பத் திரும்ப பாஸ்வேர்டு கேட்கின்றன. பாஸ்வேர்டுக்குப் பதில் ஒவ்வொரு கருவியிலும் டிஜிட்டல் சான்றிதழ் வைக்கும் முறைக்குப் போகச் சொல்கிறார் வெண்டர். ஆக்டிவ் டைரக்டரி (கம்பெனிக் கம்ப்யூட்டர்களையும் அக்கவுன்ட்களையும் ஒரே டொமைனாக நிர்வகிக்கும் விண்டோஸ் சேவை) இருக்கிறது. ஐ.டி.யில் நானும் ஒரு பையனும்தான். இது எங்களுக்கு ஒத்துவருமா, எங்கே தொடங்குவது?

பதில்: ஒத்துவரும். ஆனால் 70 லேப்டாப்களோடு தொடங்கி அங்கேயே கொஞ்ச நாள் நில்லுங்கள். ஸ்கேனர்களை இப்போது தொட வேண்டாம். ஊழியர்களின் சொந்த போன்களை இந்தத் திட்டத்திலேயே சேர்க்காதீர்கள். அவற்றுக்கு இன்டர்நெட் மட்டும் கிடைக்கும் தனி வைஃபை போதும்.

நீங்கள் செய்து பார்த்த இரண்டும் ஏன் சரிவரவில்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மேக் அட்ரஸ் காற்றில் மறைக்கப்படாமல் போகிறது. அதைப் பார்த்து இன்னொரு கருவியில் அப்படியே போட்டுக்கொள்ள பெரிய திறமை தேவையில்லை. தவிர, ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 தொடங்கி போன்கள் வைஃபைக்குப் போலி மேக் அட்ரஸ் ஒன்றை உருவாக்கிக் காட்டுகின்றன. உங்கள் பட்டியல் பொய்யாகிப் போனது அதனால்தான்.

விண்டோஸ் 11 தொல்லைக்குக் காரணம் வேறு. 22எச்2 பதிப்பிலிருந்து என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் கிரெடென்ஷியல் கார்டு என்ற பாதுகாப்பு தானாகவே இயங்குகிறது. லாகின் செய்தபோது கொடுத்த பாஸ்வேர்டை எடுத்து வைஃபைக்குப் பயன்படுத்த, பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பழைய வழியான எம்எஸ்-சாப் வி2 முறையை அது விடுவதில்லை. இணையத்தில் தேடினால் கிரெடென்ஷியல் கார்டை அணைத்துவிடச் சொல்லுவார்கள். செய்யாதீர்கள். எம்எஸ்-சாப் வி2 முறையை உடைப்பது டெஸ் என்ற பழைய மறையாக்க முறையின் ஒரே ஒரு 56 பிட் சாவியைக் கண்டுபிடிப்பதற்குச் சமம் என்று 2012 டெஃப்கான் மாநாட்டில் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்ட்டனும் செய்தே காட்டிவிட்டார்கள். அதைக் காப்பாற்ற நல்ல பாதுகாப்பு ஒன்றைக் கழற்றுவது எந்தக் கணக்கிலும் சேராது.

சரி, சான்றிதழ் முறையில் என்னதான் நடக்கிறது? லேப்டாப் ஆக்சஸ் பாயின்டோடு சேரப் பார்க்கிறது. ஆக்சஸ் பாயின்ட் தானாக முடிவெடுக்காது, 802.1எக்ஸ் விதிப்படி வாசலை மூடி வைத்துக்கொண்டு, வருகிற பேச்சை, யாரை உள்ளே விடலாம் என்று முடிவெடுக்கும் ரேடியஸ் சர்வருக்குத் தள்ளிவிடும். சர்வர் தன் சான்றிதழைக் காட்டும். அது நம் கம்பெனி கொடுத்ததுதானா, பெயர் சரிதானா என்று லேப்டாப் பார்க்கும். திருப்தி என்றால் தன் சான்றிதழைக் காட்டி, அதற்குரிய பிரைவேட் கீ (ரகசியச் சாவி) தன்னிடம் இருப்பதற்கு அடையாளமாக ஒரு கையெழுத்தும் போடும். அந்தக் கீ லேப்டாப்பை விட்டு வெளியே போவதே இல்லை. சர்வர் ஒப்புக்கொண்டால் வாசல் திறக்கும். ஈஏபி-டிஎல்எஸ் என்பது இவ்வளவுதான். இன்று எல்லோரும் பின்பற்றும் வடிவம் 2008இல் ஆர்எஃப்சி 5216 என்ற இணைய விதி ஆவணமாக வந்தது, டிஎல்எஸ் 1.3க்கான விதிகள் 2022இல் ஆர்எஃப்சி 9190 ஆக வந்தன. யாருக்கும் தெரிந்த பாஸ்வேர்டு என்று ஒன்று இல்லாததால், வேலை மாறிப் போகிறவர் கூட எடுத்துப் போகவும் ஒன்றும் இல்லை.

இதில் பலரும் கோட்டை விடுகிற இடம், லேப்டாப் சர்வரைச் சோதிக்கும் அந்த முதல் பாதி. எளாவூர் செக்போஸ்டில் வண்டியை மறிக்கிறவர் காட்டும் அடையாள அட்டையையும் பார்த்துவிட்டுத்தான் நம் ஆர்.சி. புத்தகத்தை நீட்ட வேண்டும் என்கிற மாதிரி. உங்கள் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து ஒருவர் உங்கள் வைஃபை பெயரையே வைத்து ஒரு நெட்வொர்க்கை எழுப்பலாம். யூசர்நேம்-பாஸ்வேர்டு முறையில் சோதிக்காத லேப்டாப் பாஸ்வேர்டுக்கான விவரத்தை அவரிடம் கொடுத்துவிடும். சான்றிதழ் முறையில் திருட பாஸ்வேர்டு இல்லைதான், ஆனாலும் லேப்டாப் அந்தப் போலி நெட்வொர்க்கில் போய் உட்கார்ந்துவிடும்.

ஆகவே எல்லா லேப்டாப்புக்கும் ஒரே அமைப்பை அனுப்பும் குரூப் பாலிசியில் வைஃபை புரொஃபைல் செய்யும்போது மூன்று இடங்களைக் கவனியுங்கள். மற்றச் சான்றிதழ்களுக்கெல்லாம் மூலமான உங்கள் ரூட் சான்றிதழ் ஒன்றுக்கு மட்டும் டிக் இருக்க வேண்டும். பட்டியலில் இருக்கிற அத்தனைக்கும் டிக் போட்டு வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ரேடியஸ் சர்வரின் முழுப்பெயரை எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் பயனரைக் கேட்கும் வசதியை அணைக்க வேண்டும், ஏனென்றால் கேட்டால் எல்லோரும் கனெக்ட்தான் அழுத்துவார்கள். ஆண்ட்ராய்டில் சோதிக்காதே என்ற தேர்வு 2020 டிசம்பரில் வந்த ஆண்ட்ராய்டு 11 அப்டேட்டில் பிக்ஸல் போன்களிலிருந்து எடுக்கப்பட்டது. அங்கே டொமைன் பெயரை எழுதாமல் சேமிக்கவே விடாது.

சான்றிதழைக் காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம். வெளியாரின் ரூட்டை நம்பினால், அதே நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கிய யாரும் அந்த நம்பிக்கைக்குள் வந்துவிடுகிறார்கள். பெயர்ச் சோதனை ஒன்றுதான் மிஞ்சும். அதோடு பொதுச் சான்றிதழ்களின் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள்தான் உச்சம், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். உங்களிடம் ஆக்டிவ் டைரக்டரி இருப்பதால் விண்டோஸ் சர்வரிலேயே சான்றிதழ் சேவையை நிறுவிக்கொள்ளுங்கள். ரூட் வேலையை ஒரு தனி மெஷினில் செய்து, முடிந்ததும் அணைத்துப் பீரோவில் பூட்டிவிடுங்கள். அன்றாடம் சான்றிதழ் கொடுப்பது இன்னொரு சர்வர்.

ஆட்டோ என்ரோல்மென்ட்டைப் போட்டுவிட்டால், டொமைனில் சேர்ந்த லேப்டாப் கேபிள் வழியாக ஒருமுறை நெட்வொர்க்குக்கு வந்ததும் சான்றிதழை அதுவே வாங்கிக்கொள்ளும். ஆளுக்கு அல்ல, கம்ப்யூட்டருக்குச் சான்றிதழ் கொடுங்கள். அப்போதுதான் யாரும் லாகின் செய்வதற்கு முன்பே லேப்டாப் நெட்வொர்க்கில் இருக்கும். புதிதாகச் சேர்ந்தவர் முதல்முறை லாகின் செய்யவும் தடை இராது. டெம்ப்ளேட்டில் பிரைவேட் கீயை வெளியே எடுக்க அனுமதி கூடாது, கீ லேப்டாப்பில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப்பில் உருவாக வேண்டும். ஏற்கெனவே வேறு வழியில் கொடுத்த சான்றிதழ்கள் இருந்தால் ஒரு எச்சரிக்கை: 2025 பிப்ரவரி பேட்சுக்குப் பிறகு டொமைன் கன்ட்ரோலர்கள் (ஆக்டிவ் டைரக்டரி சர்வர்கள்) சான்றிதழையும் அக்கவுன்டையும் கறாராகப் பொருத்திப் பார்க்கின்றன. அக்கவுன்டின் எஸ்ஐடி எண் உள்ளே இல்லாத பழைய சான்றிதழ்கள் நிராகரிக்கப்படலாம். புதிதாக ஆட்டோ என்ரோல்மென்ட்டில் வருபவற்றில் அது தானாகவே இருக்கும்.

தடாவுக்கு வருவோம். வெண்டர் இதைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். சான்றிதழ்கள் பெரியவை, ஒரே பாக்கெட்டில் அடங்காமல் துண்டு துண்டாகப் போகும். விபிஎன் தன் பங்குக்குக் கொஞ்சம் இடம் பிடித்துக்கொள்வதால், நடுவில் இருக்கிற ஃபயர்வால் துண்டுகளைக் கீழே போட்டுவிடுவது சகஜம். அறிகுறி வினோதமாக இருக்கும்: கும்மிடிப்பூண்டியில் எல்லாம் ஜோராக ஓடும், தடாவில் மட்டும் லேப்டாப் கனெக்டிங் என்றே நிற்கும். ரேடியஸ் லாகில் ஏற்றதாகவும் இராது, மறுத்ததாகவும் இராது. பேச்சு பாதியில் அறுந்திருக்கும். அப்படி இருந்தால் சான்றிதழைத் திரும்பத் திரும்ப மாற்றி நேரத்தை வீணாக்காதீர்கள். என்பிஎஸ் (விண்டோஸ் சர்வரோடு வரும் ரேடியஸ்) பாலிசியில், துண்டின் உச்ச அளவைச் சொல்லும் ஃபிரேம்டு எம்டியு மதிப்பை 1344 ஆகக் குறையுங்கள். அப்புறமும் தீராவிட்டால் ஃபயர்வால் துண்டுகளை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று, விபிஎன் விழுந்தால் குடோன் வைஃபையும் சேர்ந்து விழும். பில் போடுவதற்கே வைஃபை வேண்டும் என்கிற இடத்தில் இது விளையாட்டல்ல. தடாவிலேயே இரண்டாவது ரேடியஸ் சர்வர், கூடவே ஒரு டொமைன் கன்ட்ரோலர் வைக்க முடிந்தால் வையுங்கள். ரத்துப் பட்டியல் அங்கிருந்தும் எட்ட வேண்டும்.

அந்த ரத்துப் பட்டியலைத்தான் சிஆர்எல் என்கிறோம். லேப்டாப் தொலைந்தால் சான்றிதழை ரத்து செய்வீர்கள், அது இந்தப் பட்டியலில் ஏறும். பட்டியலுக்கும் காலாவதித் தேதி உண்டு. புதியது வெளியாகாமல் பழையது காலாவதியானால், என்பிஎஸ் தன் வழக்கமான அமைப்பில் நல்ல சான்றிதழ்களையும் சேர்த்து மறுத்துவிடும். ஒரு திங்கட்கிழமை காலை மொத்தக் கம்பெனியும் வைஃபை இல்லை என்று உங்கள் மேஜையைச் சுற்றி நின்றால், முதலில் பார்க்க வேண்டியது இது. இரண்டாவது, ரேடியஸ் சர்வரின் சொந்தச் சான்றிதழ். ஃப்ரீரேடியஸ் பயன்படுத்துவதாக இருந்தால் அதோடு வரும் மாதிரிச் சான்றிதழ்களை அப்படியே விட்டுவிடாதீர்கள். அவை சோதனைக்காக மட்டும், ஆயுளும் குறைவு. இந்தத் தேதிகளை உங்கள் காலண்டரில் மட்டும் குறித்தால் போதாது, அந்தப் பையனுடையதிலும் மேனேஜருடையதிலும் குறியுங்கள். நீங்கள் லீவில் இருக்கிற வாரத்தில்தான் காலாவதியாகும்.

ஆள் வேலையை விட்டுப் போகும்போது சிஆர்எல்லை நம்பி இருக்க வேண்டாம். பட்டியலைச் சர்வர் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும், முந்தைய டிஎல்எஸ் இணைப்பையும் வைத்திருக்கலாம். லேப்டாப்பைத் திரும்ப வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால் டைரக்டரியில் அந்தக் கம்ப்யூட்டர் அக்கவுன்டை முடக்கிவிட்டு, வைஃபை கன்ட்ரோலரில் அதன் இணைப்பைத் துண்டியுங்கள். சான்றிதழ் ரத்து பிறகு நிதானமாக.

ஸ்கேனர்களை ஏன் ஒதுக்கினேன் என்றால், அவை டொமைனில் இல்லை. சான்றிதழ் போய்ச் சேர எம்டிஎம் (கையடக்கக் கருவிகளைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) வேண்டும். ஒரு ஃபைலில் கீயோடு சான்றிதழை வைத்து 30 ஸ்கேனரிலும் கையால் ஏற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்த ஃபைல் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தால் நீங்கள் கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிட்டீர்கள். கடிகாரத் தொல்லையும் உண்டு: பேட்டரி முழுக்க வற்றிய சில ஸ்கேனர்கள் மறுபடி எழும்போது தேதி பல வருடம் பின்னால் இருக்கும். சர்வரின் சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் சேராது. நேரத்தைச் சரிசெய்ய நெட்வொர்க் வேண்டும், நெட்வொர்க்குக்குச் சரியான நேரம் வேண்டும். உங்கள் ஆக்சஸ் பாயின்ட்கள் கருவிக்கொரு தனிக் கீ கொடுக்கும் வகை என்றால், எம்டிஎம் வரும்வரை ஸ்கேனர்களை அதில் போட்டு, ஸ்டோர்ஸ் சர்வரை மட்டும் எட்டும் தனி விலானில் (பிரித்து வைத்த நெட்வொர்க் பகுதியில்) வையுங்கள். பிரின்டர்களுக்கும் அதே ஏற்பாடு.

வேலையைத் தொடங்கும்போது பழைய வைஃபையை அணைக்காமல் பக்கத்திலேயே புதுப் பெயரில் ஒன்றை எழுப்பி, அக்கவுன்ட்ஸிலிருந்து சில லேப்டாப்களை மாற்றிப் பாருங்கள். வைஃபை பாதுகாப்பின் புதிய தரமான டபிள்யூபிஏ3 என்டர்பிரைஸ் வேண்டுமா என்றால், லேப்டாப்களும் ஆக்சஸ் பாயின்டும் ஏற்றால் போடுங்கள், இல்லாவிட்டால் டபிள்யூபிஏ2 என்டர்பிரைஸே தாராளம். ஐ.டி. அறையில் ஒரு கேபிள் போர்ட் எப்போதும் தயாராக இருக்கட்டும். நீண்ட லீவில் போனவரின் லேப்டாப்பில் சான்றிதழ் காலாவதியாகியிருந்தால் அந்தக் கேபிள்தான் வழி. தடா குடோனில் இருப்பவர்களுக்கு எந்த வைஃபை எதற்கு என்று தெலுங்கிலும் ஒரு தாள் ஒட்டுங்கள்.

பழைய பொதுப் பாஸ்வேர்டை எடுக்கும் நாளை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். அதற்கு முந்தைய வாரம் வைஃபை கன்ட்ரோலரில் பழைய பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் கருவிகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். யாரும் சொல்லாத கைரேகை வருகைப்பதிவுக் கருவி ஒன்று, கேமரா ரெக்கார்டர் ஒன்று என்று ஏதாவது அதில் கட்டாயம் இருக்கும்.