மேடு பள்ளத்தில் ஃபோர்க்லிஃப்ட்: வாசகர் கேள்வி பதில்

ஹாலோ பிளாக் யார்டு வைத்திருக்கிறோம். மண் தரை, மழை பெய்தால் சேறு. குடோனில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட்டுக்குப் பெரிய டயர் மாட்டினால் போதாதா?

போதாது. டயர் பெரிதானால் வண்டியின் உயரமும், பிரேக் பிடிக்கும் விதமும் மாறும். எவ்வளவு தூக்கலாம் என்று வண்டியின் தகட்டில் போட்டிருக்கும் எடைக் கணக்கை அதன்பின் நம்ப முடியாது. கரடுமுரடான தரைக்கென்றே செய்த வண்டியில் அடிப்பாகம் உயரமாக இருக்கும், டயரில் ஆழமான கட்டைகள் இருக்கும், பல மாடல்களில் நான்கு சக்கரமும் இழுக்கும். பின்பக்க ஆக்சில் நடுவில் ஒரே பின்னில் (இரும்பு முளையில்) தொங்குவதால், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் மற்றவை தரையை விடாது.

அந்தப் பின்னை ஆபரேட்டர் மறக்கவே கூடாது. சக்கரம் நான்கு என்றாலும், வண்டி நிற்பது முன் சக்கரம் இரண்டு, பின் ஆக்சிலின் நடுப்பின் என்ற மூன்று புள்ளிகளில்தான். இந்த முக்கோணம் பின்னால் போகப் போகக் குறுகும். சுமை இல்லாதபோது வண்டியின் பாரம் அந்தக் குறுகிய பக்கம் போய்விடும். அதனால்தான் காலி வண்டியை வேகமாகத் திருப்பினால் பக்கவாட்டில் சாய்கிறது. "காலியாகத்தானே போகிறேன்" என்று அடித்து ஓட்டுபவர்களை உடனே நிறுத்துங்கள்.

எங்களுடையது 3 டன் வண்டி. 2,900 கிலோ பேலட்டை (சுமை அடுக்கிய பலகைத் தட்டை) தூக்கும்போது பின் சக்கரம் லேசாகிறதே, ஏன்?

தகட்டை மறுபடி பாருங்கள். எடைக்குப் பக்கத்தில் 500 மி.மீ. என்று இருக்கும். ஃபோர்க்கின் (சுமையைத் தாங்கும் இரும்புக் கரங்களின்) செங்குத்து முகத்திலிருந்து சுமையின் நடுவரை உள்ள தூரம் அது. உங்கள் பேலட் 1.2 மீட்டர் நீளமாக இருந்தால் நடு 600 மி.மீ.க்குப் போய்விடும். முன் ஆக்சிலிலிருந்து ஃபோர்க் முகம் 500 மி.மீ. என்று வைத்துக்கொண்டால்: 3,000 × (500 + 500) ÷ (500 + 600) = சுமார் 2,720 கிலோ. இது தோராயம்தான். ஃபோர்க்கை உயர்த்தினாலும், கூடுதல் அட்டாச்மென்ட் மாட்டினாலும் இன்னும் குறையும். தகட்டில் உள்ள அட்டவணையே முடிவு. இன்னும் இரண்டு ஆளைப் பின்னால் ஏற்றி எடை சரிக்கட்டுவது உயிரோடு விளையாடுவது.

சரிவில் எப்படி ஓட்டுவது? சேற்றில் சக்கரம் சுழன்றால்?

சுமை இருந்தால் ஏறும்போதும் இறங்கும்போதும் ஃபோர்க் மேட்டுப்பக்கம் பார்க்க வேண்டும். அதாவது, இறங்குவது ரிவர்ஸில். சுமை இல்லாவிட்டால் ஃபோர்க் பள்ளத்துப்பக்கம். சரிவுக்குக் குறுக்கே ஓட்டாதீர்கள். சரிவில் திரும்பவே வேண்டாம். சுமையைத் தரையில் இடிக்காத அளவுக்குத் தாழ்த்தி, மாஸ்ட்டை (ஃபோர்க் ஏறி இறங்கும் செங்குத்துச் சட்டத்தை) பின்னால் சாய்த்து நகருங்கள்.

சேற்றில் சக்கரம் சுழன்றால் முதலில் ஆக்சிலரேட்டரை விடுங்கள். சக்கரம் நின்ற பிறகு டிஃபரன்ஷியல் லாக்கை (ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரங்களும் சேர்ந்து சுழலவைக்கும் பூட்டை) போட்டு, நேராக, மெதுவாக வெளியே வாருங்கள். லாக்கோடு ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்ப மறுக்கும், ஆக்சிலும் அடிபடும். பிடிப்புக்காக டயர் காற்றைக் குறைக்காதீர்கள். சுமையோடு வண்டி ஆடும்.

வண்டி கவிழப்போனால் வெளியே குதிக்கக் கூடாது. கூரைச் சட்டம் நசுக்கிவிடும். சீட் பெல்ட்டோடு ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாயுங்கள்.