பெண் பிள்ளைகளுக்குத் தலைமைப் பயிற்சி: பணத்தை எதில் போடுவது?

கேள்வி: எங்கள் ஊர் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். குடும்பஸ்ரீ (கேரள அரசின் மகளிர் சுயஉதவித் திட்டம்) அயல்கூட்டத்தினர் சிலர் சேர்ந்து, தமிழ்வழி யு.பி. பள்ளியில் ஐந்து முதல் ஏழாம் வகுப்பு வரை படிக்கும் பெண் பிள்ளைகளின் தன்னம்பிக்கையையும் தலைமைப் பண்பையும் வளர்க்க ஏதேனும் செய்ய எண்ணியுள்ளோம். கையில் இருபதாயிரம் ரூபாய் இருக்கிறது. கோவையிலிருந்து ஒரு பயிற்சியாளர் ஒருநாள் முகாம் நடத்தித் தருவதாகச் சொல்கிறார். சான்றிதழும் டி-ஷர்ட்டும் உண்டாம். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டாம் என்பேன். அந்தப் பயிற்சியாளர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் நாள் முழுக்கக் கைதட்டிக் களித்துவிட்டுத் திரும்பும் பிள்ளைக்கு, மறுநாள் பள்ளியில் தானே முடிவெடுக்கும்படியான வேலை ஒன்றுகூட இல்லையென்றால், அந்த உற்சாகம் எதில் போய்த் தங்கும்?

முதலில் உங்கள் பள்ளியை ஒரு வாரம் கவனியுங்கள். காலை அசெம்பிளியில் உறுதிமொழி வாசிப்பவள் பெண்ணாக இருப்பாள். மைக்கை இணைத்துத் தட்டிப் பார்ப்பவன் பையனாக இருப்பான். குழு வேலையில் சார்ட் பேப்பரில் கோடு போட்டு அழகாக எழுதுபவள் அவள். எழுந்து நின்று விளக்குபவன் அவன். எம்.எல்.ஏ. வந்தால் வரவேற்கத் தாலப்பொலித் தட்டோடு (விளக்கும் பூவும் வைத்த தட்டு) வெயிலில் நிற்கப் பெண் பிள்ளைகள் வேண்டும். (தாலப்பொலியை நான் குறை சொல்லவில்லை; தட்டை இறக்கி வைத்தபின் அவர்களில் ஒருத்தியாவது அவரிடம் பள்ளியின் குறையைச் சொல்ல அழைக்கப்படுகிறாளா என்றுதான் கேட்கிறேன்.)

ஆகவே பணத்தில் பாதியை எடுத்து, கல்வியாண்டின் பத்து மாதங்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் பிள்ளைகளின் குழு ஒன்றிடம் கொடுங்கள். நூலகப் புத்தகமா, கால்பந்தா, பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாளா என்பதை அவர்களே விவாதித்துத் தீர்மானிக்கட்டும். இரண்டு கடைகளில் விலை விசாரித்து, பில் வாங்கி, மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி, தலைவி, செயலாளர் பொறுப்புகளை மாதந்தோறும் மாற்றிக்கொள்ளட்டும். அவர்கள் வாங்கும் பந்து மட்டமானதாக இருந்தாலும் நீங்கள் குறுக்கிட வேண்டாம். அடுத்த கூட்டத்தில் அதைப் பேச வேண்டியவர்கள் அவர்களே. இதைக் கற்றுத்தர வெளியாள் எதற்கு? கூட்டம் நடத்துவதும், சேமிப்புக் கணக்கு எழுதுவதும், கடன் கேட்பவரிடம் முகம் பார்த்து இல்லை என்று சொல்வதும் அயல்கூட்டத்துப் பெண்களுக்குப் பழகிய வேலைதானே. குடும்பஸ்ரீயிலேயே பிள்ளைகளுக்குப் பாலசபை என்ற அமைப்பு உண்டு, உங்கள் ஊராட்சியின் சி.டி.எஸ். (குடும்பஸ்ரீயின் ஊராட்சி அளவிலான அமைப்பு) அலுவலகத்தில் கேட்டால் இரண்டையும் இணைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, பதவியில் இருக்கும் பெண்ணை அருகிலிருந்து பார்ப்பது. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் 495 கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 2012-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. ஊராட்சித் தலைவர் பதவி அடுத்தடுத்து இருமுறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட கிராமங்களில், மகன் மீதும் மகள் மீதும் பெற்றோர் வைத்த எதிர்பார்ப்புகளுக்கு இடையிலான இடைவெளி கணிசமாகவும், வளரிளம் பிள்ளைகள் தம்மைப் பற்றித் தாமே வைத்திருந்த எதிர்பார்ப்புகளில் இருந்த இடைவெளி 32 சதவீதமும் குறைந்திருந்தன. பெண் பிள்ளைகள் வீட்டு வேலையில் செலவிட்ட நேரமும் குறைந்திருந்தது. கேரளத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்பதால், இந்த வாய்ப்பு உங்கள் ஊரிலேயே இருக்கிறது. வார்டு மெம்பரை அழையுங்கள். ஆனால் அவர் சொற்பொழிவாற்ற வேண்டாம், பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். முதல் கூட்டத்தில் யாராவது உங்கள் பேச்சை மறித்தார்களா, அப்போது என்ன செய்தீர்கள் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்டால், அதற்கு வரும் பதில் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் கிடைக்காது.

கூட்டத்தைப் பள்ளி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டுக்கு ஓட வேண்டிய பிள்ளைதான் உங்கள் திட்டத்துக்கு முதலில் தேவைப்படுபவள். நான்கு மணிக்கு மேல் வைத்தால் அவள்தான் முதலில் விடுபடுவாள். வெளியாட்கள் யார் வந்தாலும் ஆசிரியை ஒருவர் உடனிருக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 பிள்ளைகளுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: என் மகள் வேலந்தாவளத்தில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் வாய் ஓயாது. அடுத்த ஆண்டு மலையாளப் பிள்ளைகள் மிகுந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும் என்றதும் அடங்கிப் போய்விட்டாள். தன்னம்பிக்கை இல்லையோ?

பதில்: வீட்டில் வாய் ஓயாதவளுக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று நான் நினைக்கவில்லை. அவளுடைய மலையாளத்தில் தமிழ் வாடை என்று பள்ளியில் சிரிப்பார்கள். பொள்ளாச்சியிலிருந்து வரும் உறவினர்கள் அவளுடைய தமிழில் மலையாள வாடை என்று சிரிப்பார்கள். இரண்டாவது சிரிப்பையாவது நீங்கள் நிறுத்த முடியும். உறவினர் முன்னால் அவள் பேச்சைத் திருத்தாதீர்கள். வங்கிச் சலானை அவளே எழுதி, கவுண்டரில் அவளே மலையாளத்தில் கேட்கட்டும். நீங்கள் இரண்டடி பின்னால் நின்றால் போதும். புதிய பள்ளியில் ஸ்டூடன்ட் போலீஸ் கேடட் (மாணவர்களுக்குக் காவல்துறை உதவியோடு பயிற்சி தரும் திட்டம்) பிரிவு இருந்தால் எட்டாம் வகுப்பிலேயே சேர விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கேரளத்தில் 2010-இல் தொடங்கிய திட்டம் அது. அணிவகுப்புக்குக் குரல் கொடுத்துப் பழகினால் கூச்சம் தெளிய வழி உண்டு.

கேள்வி: நான் ஆந்திரத்தின் நகரியில் ஆசிரியர். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் இப்படி நடத்துவது பையன்களை ஒதுக்குவது ஆகாதா?

பதில்: மாதவிடாய், பாதுகாப்பு போன்றவற்றைப் பேசத் தனிக்கூட்டம் வேண்டும், மற்றதெல்லாம் சேர்ந்தே நடக்கலாம். ஹரியாணாவில் 314 அரசுப் பள்ளிகளை வைத்து நடந்த ஆய்வொன்றில், அவற்றுள் ஒரு பகுதிப் பள்ளிகளில் ஆண், பெண் இருபாலருக்கும் இரண்டரை ஆண்டுகள், ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆண்-பெண் சமத்துவம் பற்றி 45 நிமிட வகுப்பு நடத்தினார்கள். இருபாலரின் எண்ணமும் மாறியது; நடத்தையில் மாற்றம் பையன்களிடமே கூடுதலாகத் தெரிந்தது, அவர்கள் வீட்டு வேலையில் அதிகம் பங்கெடுப்பதாகச் சொன்னார்கள். பெண் பிள்ளை மாற விரும்பினாலும் வீடும் ஊரும் தடுக்கும். பையன் துடைப்பத்தை எடுத்தால் தடுப்பார் குறைவு. வகுப்பறை கூட்டும் பட்டியலில் இந்த வாரமே பையன்களின் பெயர்களையும் முறைவைத்து எழுதுங்கள்.