சுவர் வெடித்த வீடும் நட்டஈடும்

நெடுங்கேணி வாசகர் ஒருவரின் கேள்வி: கடந்த மாதம் ஓரிரவு நிலம் அதிர்ந்ததில், இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய எங்கள் வீட்டின் இரு சுவர்கள் வெடித்துவிட்டன. பழைய வெடிப்பு என்று கூறி அனர்த்தப் பதிவில் சேர்க்க மறுக்கிறார்கள். அருகில் கல் குவாரியும் உண்டு. என்ன செய்யலாம்?

பதில்: முதலில், சுவரைப் பூச வேண்டாம். 550,000 ரூபா உதவியோடு நகையையும் அடகு வைத்துக் கட்டி முடித்த வீடுகள் வன்னியில் ஏராளம் என்பதால் உடனே திருத்தத் துடிக்கும் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் வெடிப்பே உங்களது முதற்சான்று. அளவுகோலை அருகில் வைத்துத் திகதியுடன் படமெடுங்கள். உட்புறம் தூசியோ பழைய சுண்ணாம்போ படிந்திருந்தால் அது பழையது. விளிம்பு கூராகவும் துப்புரவாகவும் இருந்தால் புதியது. வறட்சியில் மண் சுருங்கி அத்திவாரம் இறங்கினாலும் சுவர் வெடிக்கும் என்பதால், அலுவலரின் ஐயத்தை முற்றாகத் தவறென்று சொல்ல மாட்டேன். எனினும், தொழில்நுட்ப உத்தியோகத்தர் நேரில் பார்க்காமல் மறுப்பது முறையன்று. நேரடிப் பரிசோதனையும் எழுத்து மூலமான முடிவும் கோரி, பிரதேச செயலாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தில் அனர்த்தம் என்பது நிலநடுக்கத்தையும் உள்ளடக்கும்.

அதிர்வின் காரணமே யாரிடம் நட்டஈடு கேட்பது என்பதைத் தீர்மானிக்கும். புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்துக்குப் பல்லேகலை, ஹக்மன, மகாகனதராவ, புத்தங்கல ஆகிய இடங்களில் நிலநடுக்க அளவீட்டு நிலையங்கள் உள்ளன. அந்த இரவுக்குரிய பதிவையும் குவாரியின் அனுமதி நிபந்தனைகளையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். இயற்கை அதிர்வு எனப் பதிவாகியிருந்தால், அதனை பிரதேச செயலகத்திடம் கொடுத்து அனர்த்த நிவாரணம் கோரலாம்.

பாறை வெடியே காரணமென்றால் குவாரி நடத்துபவரிடம் மாவட்ட நீதிமன்றில் நட்டஈடு கோரலாம்; வெடி வைத்த நேரமும் வீடு அதிர்ந்த நேரமும் பொருந்துவதை நிரூபிக்க அயலவரின் சாட்சியம் உதவும், பட்டயப் பொறியியலாளரின் அறிக்கையோ சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி நிபுணர் கருத்தாக ஏற்கப்படக்கூடியது. காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இத்தகைய வழக்குக்கு இரண்டு ஆண்டுகளே தருவதால், அலுவலகப் பதில் வரட்டும் என்று காத்திருந்து அக்காலத்தைக் கடத்திவிடாதீர்கள்.