மாலை போடும் முன் ஆஸ்பத்திரிக்குப் போய் வாருங்கள்

கேள்வி: என் கணவருக்கு 43 வயது. பனியன் கம்பெனியில் டெய்லர். பல வருடமாகக் குடிக்கிறார், கடைசி மூன்று வருடமாக தினமும் இரண்டு குவார்ட்டர். காலையில் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் போட்டால்தான் மிஷினில் உட்கார முடிகிறது. போன கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டு அன்றோடு நிறுத்தினார். மறுநாள் ராத்திரி கை கால் இழுத்துக் கீழே விழுந்தார். மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பிதற்றினார். விரதத்தில் ஏதோ குறை, சாமி குற்றம் என்று பெரியவர்கள் மாலையைக் கழற்றிவிட்டார்கள். பிறகு மறுபடியும் குடி. இந்த வருடம் அவரே, "நாலு நாள் என்னை மாடி ரூமில் வைத்துப் பூட்டிவிடு, கெஞ்சினாலும் திறக்காதே" என்கிறார். ஆஸ்பத்திரி என்றால் சொந்தபந்தத்துக்கெல்லாம் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறார். வீட்டிலேயே விட வைக்க முடியாதா?
— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: சகோதரி, அந்த ரூமைப் பூட்டாதீர்கள். உங்கள் கணவர் குடியை விட வேண்டும், அவரே விடுகிறேன் என்று வருவது பெரிய விஷயம், அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஆனால் அவர் இருக்கும் நிலையில் வீட்டில், டாக்டர் துணை இல்லாமல், ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

போன வருடம் நடந்தது சாமி குற்றம் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதை எந்த மனநல டாக்டரிடம் படித்துக் காட்டினாலும், மது திடீரென நின்றதால் வந்த வலிப்பு, அதன் பின்னால் வந்த மனக்குழப்பம் என்றுதான் சொல்வார். நேரம்கூட அப்படியே பொருந்துகிறது. கடைசிக் குடிக்குப் பிறகு ஆறு எட்டு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு 'டெலிரியம் ட்ரெமென்ஸ்' என்ற நிலை வரும். ஆள் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல், இல்லாததைப் பார்த்துப் பயந்து, காய்ச்சலும் ரத்த அழுத்தமும் ஏறி, இதயத் துடிப்பு தாறுமாறாகப் போகும். நல்ல சிகிச்சை இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இதிலிருந்து மீண்டுவிடுகிறார்கள். சிகிச்சையே இல்லாத பழைய காலத்தில் மூன்றில் ஒருவர்வரை இறந்திருக்கிறார்கள். அவர் பூட்டச் சொல்கிற அதே நாலு நாள்தான் இது என்பதைக் கவனியுங்கள். நாலு நாள் கெஞ்சலைப் பொறுத்துக்கொள்வது உங்களால் முடியலாம், ஆனால் உள்ளே சத்தம் நின்றுபோனால் அவர் தூங்குகிறாரா, வலிப்பு வந்து கிடக்கிறாரா என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்? அவர் இருப்பது மாடி, ஜன்னலும் இருக்கும், குழப்பத்தில் யாரோ துரத்துகிறார்கள் என்று தோன்றினால் மனிதன் குதித்துவிடுவான்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், மது மூளையின் வேகத்தைக் குறைக்கிற பொருள். தினமும் அது உள்ளே போனால் மூளை சும்மா இருக்காது, அதை எதிர்த்துத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். ஒரு கதவை இரண்டு பக்கமும் இரண்டு பேர் தள்ளிக்கொண்டிருக்கும்போது ஒருவன் சட்டென்று விலகினால் மற்றவன் எப்படிப் பாய்ந்து விழுவான், அதுதான் மூளைக்கும் நடக்கிறது. ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதில் சுத்தமான ஆல்கஹால் மட்டுமே சுமார் 60 கிராம். அவருக்கு தினமும் அது இரண்டு மடங்கு, காலை கட்டிங் தனி. காலையில் கை நடுங்குகிறது என்பதே, ராத்திரி தூங்கும் சில மணி நேர இடைவெளியைக்கூட அந்த உடம்பு தாங்கவில்லை என்று அர்த்தம். இதில் மன உறுதி என்ற பேச்சுக்கே இடமில்லை. மலைக்குப் போகிற வைராக்கியம் உள்ளவருக்கும் வலிப்பு வரும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இப்படி நிறுத்துவதும் மறுபடி குடிப்பதுமாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கடுமையாக வர வாய்ப்பு அதிகம். போன வருடம் தப்பித்தாரே என்று இந்த வருடம் நம்பக் கூடாது.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டு மதுக்கடைகளை மூடியபோது இது எவ்வளவு பேரை வாட்டியது என்று எல்லோரும் பார்த்தோம். வார்னிஷ், சானிடைசர் என்று கிடைத்ததைக் குடித்துச் செத்தவர்கள் உண்டு. கேரள அரசு டாக்டர் சீட்டு இருந்தால் மது கொடுக்கலாம் என்றே உத்தரவு போட்டது, டாக்டர்கள் எதிர்த்தார்கள், ஏப்ரல் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. டாக்டர்கள் சொன்னது சரிதான், இதற்கு மருந்து இருக்கும்போது எதற்கு மது?

அந்த மருந்து என்ன என்று கேட்பீர்கள். குளோர்டயசெபாக்சைடு, லோராசெபாம் மாதிரி மாத்திரைகளை முதல் நாள் தேவைக்குத் தகுந்தபடி கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, ஐந்தாறு நாளில் நிறுத்திவிடுவார்கள். கூடவே தயமின், அதாவது பி1 வைட்டமின், ஊசியாகப் போடுவார்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. "டயர்டா இருக்கார், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடலாம்" என்று பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப் போவது நம் ஊர் வழக்கம். வருடக்கணக்கில் குடித்து, சரியாகச் சாப்பிடாத உடம்பில் பி1 வற்றிப்போயிருக்கும், அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம், நினைவாற்றல் திரும்பாமலேகூடப் போகலாம். எந்த டாக்டரிடம் போனாலும் தினமும் எவ்வளவு குடிப்பார் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மேலே சொன்ன மாத்திரைகளை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி நீங்களாகக் கொடுத்துவிடவும் வேண்டாம். மாத்திரையோடு மதுவும் சேர்ந்தால் மூச்சு நின்றுபோகலாம். ஈரல் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் எந்த மாத்திரை என்றே முடிவு செய்வார்கள். அப்புறம், சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி விளம்பரம் செய்கிற பொடிகள், சொட்டு மருந்துகள். அதில் டைசல்ஃபிரம் என்ற, மதுவோடு சேர்ந்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து கலந்திருந்து, அவர் அது தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர்கூடப் போகலாம். யார் சிபாரிசு செய்தாலும் வாங்காதீர்கள்.

எல்லோருமே ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குறைவாகக் குடிப்பவர், முன்பு வலிப்பு வராதவர், வேறு நோய் இல்லாதவர், டாக்டர் சொன்ன மாத்திரையோடு, அடிக்கடி போய்க் காட்டிக்கொண்டு, கூட ஒருவர் இருக்க, வீட்டிலேயே விடலாம். உங்கள் கணவருக்கு அந்த வழி கிடையாது. வலிப்பும் பிதற்றலும் ஏற்கனவே வந்துவிட்டன.

அதனால் இப்படிச் செய்யுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், சிகிச்சை இலவசம். மாலை போடுவதற்குப் பத்து நாள் முன்பே கூட்டிப் போங்கள். ஒரு வாரம் தங்க வேண்டியிருக்கும். கம்பெனியிலும் உறவிலும் உடம்பு சரியில்லை, ஈரலுக்குப் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொள்ளுங்கள், அதில் பொய்யும் இல்லை. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 14446 போதை மீட்பு உதவி எண், 14416 மனநல உதவி எண், இரண்டுமே காசில்லாமல் பேசலாம். தனியார் மறுவாழ்வு இல்லம் என்றால் அங்கே டாக்டர் இருக்கிறாரா, அரசுப் பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். அடிப்பார்கள், கட்டிப்போடுவார்கள் என்று கேள்விப்பட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள், சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை என்ன செய்வது? பாட்டிலைப் பிடுங்கிக் கொட்டாதீர்கள். உங்களுக்கு இது கசப்பாக இருக்கும், தெரியும். அந்தச் சில நாள் அளவு கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மூன்று வேளையும் சாப்பிட வையுங்கள்.

இதற்கிடையில் வலிப்பு வந்துவிட்டால் கையில் சாவியோ இரும்போ திணிக்க வேண்டாம், அதனால் ஒரு பலனும் இல்லை. வாயில் எதையும் வைக்கக் கூடாது, தண்ணீர்கூட. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலையில் அடிபடாமல் துணி எதையாவது கீழே கொடுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வலிப்பு நின்று அவர் எழுந்து பேசினாலும் போயே ஆக வேண்டும். பிதற்றல், காய்ச்சலோடு நடுக்கம், ஆளை அடையாளம் தெரியாமை, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மாலை விஷயம். சிகிச்சை முடிந்து டாக்டர் சரி என்றதும் போடட்டும். கார்த்திகை ஒன்று தப்பினால் என்ன, மகரவிளக்கு தை முதல் தேதியை ஒட்டித்தானே வருகிறது, குருசாமியிடம் விஷயத்தைச் சொன்னால் வேறு நாள் குறித்துக் கொடுப்பார். ஒரு வேளைச் சாப்பாடு என்கிற கடுமையெல்லாம் இந்த வருடம் வேண்டாம், மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. குடி ஆசை திரும்பத் தலைதூக்காமல் இருக்கத் தனி மருந்து உண்டு, அதை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும், மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றும் அன்றுதான் பலர் மறுபடி தொடங்குகிறார்கள். அதனால் அடுத்த செக்கப்பை அந்த வாரத்துக்கே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.