பதில்: பிராட்வே கட்டுரையை எங்கிருந்து தொடங்குவது?

வணக்கம். நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயின் இசை நாடக வரலாற்றை உங்கள் கட்டுரையில் 1927-இலிருந்து தொடங்கியதால் கறுப்பினக் கலைஞர்களைப் பற்றி ஒரு பத்திகூடத் தேறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இன்னும் பின்னால் போங்கள். 1903-லேயே கறுப்பின நகைச்சுவை நடிகர்களான பெர்ட் வில்லியம்ஸ், ஜார்ஜ் வாக்கர் நடித்த 'இன் டஹோமி' என்ற இசை நாடகம் பிராட்வே ஏறிவிட்டது. ஆனால் நீங்கள் விரிவாக எழுத வேண்டியது 1921-இல் வந்த 'ஷஃபிள் அலாங்' என்ற இசை நாடகம் பற்றித்தான். எழுத்து, இசை, நடிப்பு எல்லாமே கறுப்பினத்தவர் கைவண்ணம். 500 காட்சிகளைத் தாண்டி ஓடியது. கறுப்பின ஜோடி மேடையில் உருகிக் காதலிப்பதை வெள்ளையர்கள் பொறுப்பார்களா என்று குழுவினரே பயந்தார்கள். கைதட்டல்தான் விழுந்தது. இசைக்குழுவோ தாளைப் பார்க்காமல் மனப்பாடமாக வாசித்தது. கறுப்பர்களுக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியும் என்பதை வெள்ளையர்கள் நம்ப விரும்பவில்லை என்று அந்த நாடகத்துக்கு இசையமைத்த யூபி பிளேக் பிற்காலத்தில் சொன்னார். எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. அதே நாடகத்தில், அதை எழுதி நடித்த கறுப்பினக் கலைஞர்களான மில்லரும் லைல்ஸும் முகத்தில் கரி பூசித்தான் நடித்தார்கள். அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.