காய்ச்சல் விட்டாச்சு, மருந்தை நிறுத்தலாமா?

கேள்வி: என் 6 வயது மகனுக்கு (18 கிலோ) எச்1என்1 ஃப்ளூ காய்ச்சல். ஃப்ளூ வைரஸுக்கான ஓசெல்டாமிவிர் சிரப் தருகிறோம். இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. ஆனால் மருந்தைக் குடித்தாலே குமட்டுகிறான். நிறுத்திவிடலாமா? வீட்டில் சர்க்கரை நோயுள்ள மாமியாரும் இருக்கிறார்.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: நிறுத்தாதீர்கள். 15 கிலோவுக்கு மேல் 23 கிலோ வரை வேளைக்கு 45 மி.கி., காலையும் இரவுமாக 5 நாள், மொத்தம் 10 வேளை. இந்த மருந்து வைரஸைக் கொல்வதில்லை. ஒரு செல்லில் பெருகியது வெளியேறி அடுத்த செல்லைப் பிடிக்காதபடி தடுக்கிறது. அறிகுறி தெரிந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கச் சொல்வது அதனால்தான். குமட்டலுக்கு வழி, சாப்பாட்டுக்குப் பிறகு கொடுப்பது. பாட்டிலை நன்றாகக் குலுக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். மி.லி.க்கு 12 மி.கி. என்று லேபிளில் இருந்தால் 3.75 மி.லி.

உண்மையில் அதிகம் தவறுவது பாராசிட்டமாலில்தான். உங்கள் பையனுக்கு வேளைக்குச் சுமார் 250 மி.கி. போதும். 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. முதலாவதில் 10 மி.லி., இரண்டாவதில் 5 மி.லி. பாட்டில் மாறினால் அளவு இரட்டிப்பாகும், இல்லை பாதியாகும். 6 மணி நேர இடைவெளி, நாளைக்கு 4 வேளைக்கு மேல் கூடாது. ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். ஃப்ளூவோடு சேர்ந்தால் குழந்தைகளின் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்குறி வரலாம்.

மாமியாருக்கு வேறு அறை, திறந்த ஜன்னல். தடுப்பாக ஓசெல்டாமிவிரையே தினம் ஒருமுறை 75 மி.கி. 10 நாள் தரும் வழக்கம் உண்டு. ஆனால் சிறுநீரகம் பழுதென்றால் அளவைக் குறைக்க வேண்டும். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலைசெய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பாருங்கள். ஃப்ளூ தடுப்பூசி வேலைசெய்ய 2 வாரமாகும், இந்த முறைக்கு உதவாது. வைரஸ் உருமாறுவதால் ஆண்டுதோறும் போட வேண்டும்.

கேள்வி: ஃப்ளூ காய்ச்சலுக்கு மெடிக்கலில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் தருகிறார்களே?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: வைரஸை அது தொடாது. காய்ச்சல் விட்டு, ஓரிரு நாளில் மறுபடி ஏறி, சளி மஞ்சளானால் பாக்டீரியா நிமோனியாவாக இருக்கலாம். அப்போதும் ஆன்டிபயாட்டிக்கை டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும். மூச்சு வாங்கினால், உதடு நீலமானால், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் 94%-க்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரி. நெயில் பாலிஷைத் துடைத்துவிட்டு அளந்து பாருங்கள், கருவி ஏமாற்றும்.