கோயிலுக்கு இடைக்கால மேலாளர் வந்தால்: உறுப்பினர்கள் அறிய வேண்டியவை

லண்டனில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதுகிறார்: "எங்கள் கோயில் பதிவுபெற்ற அறக்கட்டளை. அறங்காவலர் சபை இரண்டாகப் பிளந்து, பொதுக்கூட்டம் நடக்காமல், கணக்குகளும் உரிய காலத்தில் சமர்ப்பிக்கப்படாமல் போனதால், அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அமைப்பான சாரிட்டி கமிஷன் விசாரணை தொடங்கியது. இப்போது ஒரு சட்டத்தரணியை இடைக்கால மேலாளராக நியமித்திருக்கிறார்கள். கோயில் அரசாங்கத்தின் கைக்குப் போய்விட்டதா? அவருக்குப் பணம் கொடுப்பது யார்? கோயில் எப்போது எங்களிடம் திரும்பி வரும்? சாதாரண உறுப்பினர்கள் என்ன செய்யலாம்?"

கோயில் அரசாங்கத்தின் கைக்குப் போகவில்லை. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 2011ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டத்தின் 46ஆம் பிரிவின்கீழ் விசாரணை தொடங்கிய பிறகு, நிர்வாகத்தில் முறைகேடோ சீர்கேடோ இருப்பதாகவோ, சொத்தைக் காக்க நடவடிக்கை தேவை என்றோ கமிஷன் கருதினால், 76ஆம் பிரிவின்கீழ் இடைக்கால மேலாளரை நியமிக்கலாம். யாரும் பணத்தைக் கையாடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனையன்று. கணக்குக் கொடுக்காமல் இருப்பதும், சபை கூட முடியாமல் முடங்கிக் கிடப்பதும்கூடச் சீர்கேடாகலாம். தமிழ்நாட்டில் அறநிலையத் துறை நியமிக்கும் தக்காரை, அதாவது கோயிலின் தற்காலிக நிர்வாகியை, மனத்தில் வைத்துக்கொண்டு பலர் இதைப் பார்க்கிறார்கள். அங்கே துறையின் அதிகாரியே தக்காராக இருப்பது வழக்கம். இங்கே கமிஷனின் ஊழியர் எவரும் இடைக்கால மேலாளராக இருக்கக் கூடாது என்று 78ஆம் பிரிவு சொல்கிறது. வருபவர் பெரும்பாலும் அறக்கட்டளைச் சட்டம் அறிந்த சட்டத்தரணியாகவோ கணக்காளராகவோ இருப்பார். கமிஷனின் மேற்பார்வையில் இயங்குவார். கோயில் கட்டடமும் உண்டியல் பணமும் அறக்கட்டளையின் சொத்தாகவே இருக்கும்.

அவருக்கு என்ன அதிகாரம் என்பதற்கு ஒரே விடை, நியமன ஆணையில் என்ன எழுதியிருக்கிறதோ அது. ஆணையின் பிரதியும் அதற்கான காரணங்களும் அறங்காவலர்களுக்கு அனுப்பப்பட்டிருக்கும். அதைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். அறங்காவலர்களை விலக்கிவைத்து முழு நிர்வாகத்தையும் ஏற்கிறாரா, அல்லது குறிப்பிட்ட வேலைகளை மட்டும் ஏற்கிறாரா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. 2018இல் யோர்க்ஷயரின் ஆம்பிள்ஃபோர்த் கத்தோலிக்க மடத்தையும் அதன் பள்ளியையும் நடத்திய இரு அறக்கட்டளைகளுக்கு நியமனம் நடந்தபோது, அதன் மையம் பிள்ளைகளின் பாதுகாப்புக்கான மேற்பார்வையே. ஃபேஷன் காட்சிகள் வழியாக நிதி திரட்டிய ஃபேஷன் ஃபார் ரிலீஃப் அறக்கட்டளையிலோ இடைக்கால மேலாளர்கள் 3,44,000 பவுண்டுக்கும் மேல் மீட்டு, இன்னொரு 98,000 பவுண்டைப் பாதுகாத்தார்கள். இறுதியில் அந்த அறக்கட்டளை கலைக்கப்பட்டு 2024இல் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஒரே பதவிப் பெயரின்கீழ் இவ்வளவு வேறுபட்ட பணிகள் நடக்கின்றன. உங்கள் ஆணையைப் படிக்காமல், பக்கத்துக் கோயிலில் நடந்ததை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

அறங்காவலர்களைப் பதவிநீக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அது கமிஷன் தனியாக எடுக்க வேண்டிய நடவடிக்கை. விலக்கிவைக்கப்பட்ட அறங்காவலர்கள் தங்கள் காலத்துச் செயல்களுக்கான பொறுப்பிலிருந்து தப்புவதும் இல்லை. ஆணையை மீறிச் சாவியையோ கணக்குப் புத்தகத்தையோ கொடுக்க மறுத்தால், கமிஷன் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அது நீதிமன்ற அவமதிப்பாகவே கருதப்படக்கூடும்.

இடைக்கால மேலாளரின் கட்டணம் அறக்கட்டளையின் பணத்திலிருந்தே போகிறது. கமிஷன் நியமித்தது, ஆகவே கமிஷன்தான் கொடுக்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு. இத்தகைய தொழில்முறையாளர்கள் மணிக்கணக்கில் கட்டணம் பெறுகிறவர்கள். தேர்த் திருவிழா உபயப் பணம் எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று தெரியாமல் பழைய வங்கி அறிக்கைகளை அவர் ஒவ்வொன்றாகப் புரட்டும் நேரம் முழுவதும் பக்தர்களின் காணிக்கையாகவே கழிகிறது. பெருந்தொகை மீட்கப்படும் வழக்குகளில் இந்தச் செலவுக்குப் பொருள் உண்டு. இரண்டு அணிகளின் பிடிவாதம் மட்டுமே பிரச்சினையாக உள்ள கோயிலில், அது வீணாகும் பணம் என்றே சொல்வேன். இரு தரப்பாரும் இதை உணர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

எப்போது திரும்பி வரும் என்பதற்குச் சட்டத்தில் நாள் குறிக்கப்படவில்லை. கமிஷன் அவ்வப்போது ஆணையை மீளாய்வு செய்ய வேண்டும். மேலாளர் முதல் 3 மாதங்களுக்குள் சொத்து விவரமும் தம் திட்டமும் அடங்கிய அறிக்கையை அதற்குத் தர வேண்டும். உங்களைப் போன்ற கோயில்களில் காலத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உறுப்பினர் பட்டியல்தான். ஒரு தரப்பிடம் ஒரு பட்டியல், மறுதரப்பிடம் இன்னொன்று. சந்தா கட்டியதற்குப் பற்றுச்சீட்டு இராது. தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு குடும்பம் குடும்பமாகச் சேர்க்கப்பட்டவர்களைக் கோயிலின் யாப்பு (அமைப்பு விதிகள்) அனுமதிக்கிறதா என்ற கேள்வியும் இருக்கும். பட்டியல் ஒழுங்காகாமல் செல்லுபடியாகும் பொதுக்கூட்டம் இல்லை. அந்தக் கூட்டம் நடக்காமல் முறையாகத் தேர்வான சபை இல்லை. அத்தகைய சபை இல்லாமல் மேலாளர் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பார்?

ஆகவே உறுப்பினர்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம் காகிதங்களைத் தேடிக் கொடுப்பது. உங்கள் சந்தாப் பற்றுச்சீட்டு, பழைய கூட்டக் குறிப்புகள், யாப்பின் திருத்தப் பிரதிகள் ஆகியவற்றின் நகல்களை, என்ன கொடுத்தீர்கள் என்ற பட்டியலோடு அனுப்புங்கள். எதிரணியின் குணத்தைப் பற்றி நீண்ட கடிதம் எழுதினால் அதைப் படிக்கும் நேரத்துக்கும் கோயில்தான் பணம் கட்டும்.

நியமனமே தவறு என்று அறங்காவலர்கள் கருதினால், முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 42 நாட்களுக்குள் அறக்கட்டளைகளுக்கான தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்யலாம். ஆணையால் பாதிக்கப்பட்ட பிறருக்கும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வெறும் அதிருப்தி பாதிப்பாகாது. மேன்முறையீடு போட்டதாலேயே ஆணை நின்றுவிடாது என்பதால், அதுவரை மேலாளரோடு ஒத்துழைக்கத்தான் வேண்டும்.

வழிபாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அங்கேதான் அவசரமான ஒரு வேலை இருக்கிறது. பூசை முறையைத் தீர்மானிப்பது அவருடைய வேலையன்று. ஆனால் குருக்களின் சம்பளமும் விசாவும் நிர்வாகத்தைச் சார்ந்தவை. வெளிநாட்டிலிருந்து குருக்களை அழைக்கக் கோயில் வைத்திருக்கும் உரிமத்தில் பொறுப்பாளராக ஓர் அறங்காவலரின் பெயர் இருந்து, அவர் இப்போது விலக்கிவைக்கப்பட்டிருந்தால், அந்த மாற்றத்தை உள்துறை அலுவலகத்துக்கு உரிய காலத்துக்குள் அறிவிக்க வேண்டும். சண்டைக்கு நடுவே இது எளிதில் விடுபட்டுப்போகும்; விடுபட்டால் உரிமத்துக்கும் குருக்களின் விசாவுக்கும் ஆபத்து. அந்த உரிமத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதை இந்த வாரமே மேலாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.